பதினொரு தேள்களுக்கு ஒரு சான்றிதழ்

ஆராய்ச்சிக் கட்டடத்துக்குள் விஷஜந்துக்களை வைத்திருக்கக் கூடாது என்பது விதி எண் பதினாறு. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் ஆராய்ச்சிக்காரி நான்கு வருடமாகத் தேள் விஷத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். விதியும் தேளும் இத்தனை காலம் ஒற்றுமையாகத்தான் வாழ்ந்தன, ஏனென்றால் விதியை யாரும் படித்ததில்லை. போன வாரம் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரிக்குப் படிக்கும் பழக்கம் இருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, இதுங்களுக்கு விஷமில்லைன்னு சான்றிதழ் இருக்கணும்மா. இல்லேன்னா பதினொண்ணையும் கொண்டுபோய்க் காட்டுல விட்டுடுவோம்."

அவள் தேள் பெட்டிகளுக்கு முன்னால் போய் மறித்துக்கொண்டு நின்றாள். புரதத்தை வெட்டிப் போடும் நொதிகள் என்று உடம்பில் உண்டு. அளவுக்கு மீறி வெட்டினால் வியாதி. அந்த நொதியின் வாயில் போய் அடைத்துக்கொண்டு வெட்டவிடாமல் செய்கிற பெப்டைடு என்ற துளியூண்டு புரதத் துணுக்கு ஒன்றை இந்த விஷத்தில்தான் அவள் கண்டுபிடித்திருந்தாள். அதை உறுதிப்படுத்த இன்னும் இரண்டு மூன்று முறை விஷம் எடுக்க வேண்டும்.

"விஷமே இல்லேன்னா நான் எதை சார் ஆராயறது? அதுல இருக்கிற ஒரு பெப்டைடுதான் என் நாலு வருஷ வேலை."

"அது ஆராய்ச்சிப் பிரிவு கேக்க வேண்டிய கேள்வி. ஆமா, அந்தப் பெப்டைடு என்னதான் செய்யும்?"

"மும்முரமா வேலை செஞ்சுட்டிருக்கிற நொதியைப் பிடிச்சு நிறுத்தும்."

"அதுக்கா நாலு வருஷம்? எங்க பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தா நாங்களே நிறுத்தியிருப்போமே!"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நேற்றுதான் தேள்களின் வாலில் லேசாக மின்சாரம் தொட்டு விஷம் எடுத்திருந்தாள். மறுபடி ஊற இரண்டு வாரமாவது ஆகும்.

"இப்போதைக்கு இதுங்ககிட்ட விஷம் இல்ல சார்."

"இப்போதைக்குன்னு எழுதப் படிவத்துல இடம் இல்ல" என்றவர், "மேற்படி பதினொரு தேள்களும் விஷமற்றவை எனச் சான்றளிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார்.

"சார், நேத்து எடுத்தது பத்துலதான். பதினோராவது மரப்பட்டைக்கு அடியில ஒளிஞ்சுக்கிச்சு..."

"முத்திரை குத்தியாச்சும்மா. இனிமே அதுக்கும் இல்ல."

அப்போது அதிகாரிகளிடையே ஒரு மோகம் பரவியிருந்தது. எதற்குச் சான்றிதழ் கொடுத்தாலும் அதோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். போன மாதம் குடிநீர்த் தொட்டிக்குக் கொடுத்தவர் தொட்டிக்குள்ளேயே இறங்கிச் சிரித்திருந்தார். இவர் மட்டும் இளைத்தவரா? கைபேசியை அவளிடம் நீட்டிவிட்டு ஒரு பெட்டியைத் திறந்தார். அது பதினோராவது.

"ஐயோ, அதைத் தொடாதீங்க சார்!"

"சான்றிதழ் வாங்கின தேளை அவமதிக்காதீங்கம்மா."

தேள் கொட்டியது. உயிரை எடுக்கிற ஜாதி இல்லை, மானத்தை வாங்குகிற ஜாதி. அதிகாரி வாயைப் பிளந்தார், பிளந்தபடியே இன்னொரு கையால் பொத்திக்கொண்டார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்பார்கள். கையெழுத்துப் போட்டவனுக்குக் கொட்டினாலும் அதே கதிதான். கத்தினால் சான்றிதழ் பொய். சான்றிதழ் பொய்யென்றால் அவர் வேலையும் போகும், அவள் தேள்களும் போகும்.

"கீழே டாக்டர் இருக்கார், வாங்க சார்."

"என்ன ஆச்சுன்னு கேட்டு எழுதிக்குவாரேம்மா!"

விரல் வீங்கி மோதிரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. அவர் பச்சைப் பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தார்.

"மறைக்காம சொல்லுங்கம்மா. எனக்கு வலிக்குதா?"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு.

"விதிப்படி இல்லைங்க சார்."

அதிகாரி விசும்பலை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டு ஏம்மா ஆராய்ச்சியில வீணாப் போறீங்க?"