ஐம்பத்தெட்டு வீடுகளுக்குப் போன என் விருப்பம்

யாழினி, கவின், கடையில் நின்று "இந்தச் சட்டை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று நான் சொல்லும்போதெல்லாம் உங்கள் அம்மா, "நெசமாவா, டெஸ்டா?" என்று கேட்கிறாள். உடனே நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும், ஏனென்றால் அம்மா பாதிதான் சொல்லியிருக்கிறாள். மீதியை நான் எழுதிவைக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பிளஸ் டூ, அதற்குமேல் ஒரு வருடக் கம்ப்யூட்டர் டிப்ளமோ. அதை வைத்துக்கொண்டு மதுரையில் ஒரு மாடியில் நாலு பேர் நடத்திய கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தேன். (எங்கள் அப்பாவிடம் சொன்னபோது, "கரண்டு பாக்குற வேலையா? கையுறை தருவாங்களாடா?" என்று கேட்டார். கையுறை தரவில்லை. தந்திருந்தால் நல்லது நடந்திருக்கும்.)

எங்கள் கம்பெனி ஒரு திருமணத் தகவல் நிலையத்துக்கு வெப்சைட் செய்துகொடுத்தது. அதில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முழுவதும் ஓடுகிறதா என்று முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பது என் வேலை. மாப்பிள்ளையாகப் பதிவு செய்ய வேண்டும். போட்டோ ஏற்ற வேண்டும். நட்சத்திரம் கொடுக்க வேண்டும். பொருத்தமான பெண்களின் பட்டியல் வந்ததும் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'விருப்பம்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். பிறகு வெளியேற வேண்டும். மொத்தம் நாற்பத்தொரு படிகள். முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. இப்படி ஐந்து மாதம் மாப்பிள்ளையாகவே இருந்தேன்.

அப்போதுதான் கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு கருவி என் கண்ணில் பட்டது. நாம் அழுத்துவதை எல்லாம் ஒருமுறை பதிவு செய்துகொள்ளும், பிறகு அதுவே தானாக அழுத்திக் காட்டும். மவுஸை யாரும் தொடாமல் பக்கம் திறந்தது, கட்டத்துக்குள் எழுத்து விழுந்தது. முதலாளி அண்ணன் எழுந்து வந்து கைகட்டி நின்று பார்த்தார். முக்கால் மணி வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது. அன்று நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பதிவில் பெயர், நட்சத்திரம், போட்டோ எல்லாம் என்னுடையவை. வேறு யாருடைய நட்சத்திரமும் எனக்குத் தெரியாது. போட்டோவோ, உங்கள் அம்மாவோடு எனக்கு நிச்சயம் ஆனபோது ஸ்டூடியோவில் எடுத்தது. கம்ப்யூட்டரில் இருந்த ஒரே மனித முகம் அதுதான். பெண்கள் பொய்ப் பெண்கள். சோதனைக்கென்று தனியாக வைத்திருந்த வெப்சைட்டில் அஅஅ, ஆஆஆ, இஇஇ என்று ஐந்து பேர் இருந்தார்கள். பட்டியல் தீரும்வரை விருப்பத்தை அழுத்து என்று கருவிக்குச் சொல்லியிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, உண்மையான வெப்சைட்டில் ஏதோ படம் தெரியவில்லை என்று புகார் வந்தது. என்னவென்று பார்க்கக் கருவியின் முதல் வரியில் அந்த முகவரியைப் போட்டேன். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினேன், பழைய முகவரியைத் திரும்பப் போடவில்லை. அம்புட்டுத்தான். மதியம் வழக்கம்போல் ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது அது இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. என்ன உழைப்பு என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். பிறகு பெயர்களைப் பார்த்தேன். அஅஅ இல்லை. எல்லாம் அப்பா பெயரும் ஊரும் உள்ள பெண்கள். ஒயரைப் பிடுங்கினேன். ஐம்பத்தெட்டு.

பதற்றப்படாமல் உட்கார்ந்து ஐம்பத்தெட்டுப் பதிவையும் அழித்தேன். சுத்தம். யாரிடமும் சொல்லவில்லை. அங்கேதான் தப்புச் செய்தேன்.

ஏனென்றால், அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முக்கால்வாசி வீடுகளில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் வெப்சைட்டில் விழும் ஒவ்வொரு விருப்பத்தையும் சரோஜா அக்கா என்பவர் உடனுக்குடன் கடிதமாக அச்சடித்து, மாப்பிள்ளை படத்தோடு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தபாலில் போட்டுவிடுவார். நான் அழித்துக்கொண்டிருந்தபோது அவர் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். பிற்பாடு போனில் கேட்டேன்.

"சந்தேகம் வரலையாக்கா?"

"ஒரு ஆளுக்கு இம்புட்டு ஆசையான்னு நெனச்சேன் தம்பி. மஞ்சத்தூளு தீந்துபோயி கடைக்கு ஓடினேன். ஆனா பொருத்தம் எல்லாம் சரியா இருந்துச்சே?"

அதுதான் வினை. கருவி பொருத்தம் பார்த்தே அனுப்பியிருந்தது.

சனிக்கிழமை உங்கள் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, வில்லாபுரத்திலிருந்து ஆபீசுக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து நாலு கடிதங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். நாலிலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்கு ஒண்ணு வந்துச்சு மாப்ள. புள்ள பேரை நான் இன்னும் அந்தக் கல்யாண நெலயத்துலருந்து எடுக்கல. சரி, மனுசன் முறையா இன்னொரு தடவ கேக்குறாருன்னு நெனச்சேன். எதுத்த வீட்டுக்கு எதுக்கு மாப்ள?"

"மாமா, அது டெஸ்ட்டு."

"பொண்ணு கேக்குறதுல என்ன டெஸ்ட்டு?"

"நான் அனுப்பல மாமா. கம்ப்யூட்டர் தானா அமுக்கிருச்சு."

அவர் ஒரு கடிதத்தை எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு ஸ்டூடியோவுல போட்டோ எடுத்துக் குடுத்தது யாரு?"

மேசையில் இருந்த மற்ற மூன்றையும் நான் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் வில்லாபுரம் போனேன். கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் போனேன். உங்கள் அம்மா கதவுக்குப் பின்னால் நிற்காமல் நேரே வந்து உட்கார்ந்தாள். நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா அந்த வீடுகள்ல பொண்ணுக இருக்கும்ல. அதுகளும் அந்த லெட்டரைப் பாத்திருக்கும்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் போயி உங்க வாயால சொல்லிட்டு வாங்க. கல்யாணத்தப் பத்தி அப்பறம் பேசுவோம்."

"ஐம்பத்தெட்டும்மா."

"எங்க வீட்டுக்குச் சொல்லியாச்சு. இனி ஐம்பத்தேழு."

சரோஜா அக்காவிடம் முகவரிகளை வாங்கிக்கொண்டு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். திருநகரில் ஒரு வீட்டில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு முடித்ததும் அந்த அம்மாள், "நாங்க உங்கள அன்னைக்கே வேணாம்னு கிழிச்சுப் போட்டுட்டோமே தம்பி" என்றார். இப்படிப் பதினோரு வீடுகள். (பொருத்தமான பெண்கள் என்று பட்டியல் சொன்னதே ஒழிய, பொருத்தமான மாப்பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை.)

செல்லூரில் ஒரு வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு நான் பேசுவது காதில் விழவில்லை. மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்தினேன். சரியாக அந்த நேரம் கரண்டு போனது. சந்து முழுக்கத் தறிகள் நின்றன. அந்த அமைதியில் என் குரல் மட்டும் தெருக்கோடிவரை போனது: "எனக்கு உங்க பொண்ணு மேல விருப்பம் இல்லீங்க." அன்று செல்லூரிலிருந்து முழுசாக வெளியே வந்தது என் அப்பா அம்மா செய்த புண்ணியம்.

கடைசி வீடு திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில். வருகிறேன் என்று முன்கூட்டியே போனில் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. போனால், பக்கத்து வீட்டு நாற்காலிகள் எல்லாம் முற்றத்தில் கிடந்தன. கேசரி வாசனை வந்தது. சாமி படத்துக்கு முன்னால் என் கடிதம் இருந்தது. அதன்மேல் பூ வைத்திருந்தார்கள்.

நின்றுகொண்டே சொன்னேன். பெண்ணின் அப்பா தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணே தட்டோடு வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம்.

"அப்ப இது கம்ப்யூட்டரு அனுப்புனதா?"

"ஆமாங்க. மன்னிச்சிருங்க."

"மூணு வருசமா பதிஞ்சு வச்சிருக்கோம். அதுக்காச்சும் தோணுச்சே." சிரித்தார். "உக்காந்து சாப்பிட்டுப் போங்க. கிண்டியாச்சு, வீணாப் போகும்."

சாப்பிட்டேன். இன்றைக்கும் நான் கேசரியைத் தொடாமல் தள்ளிவைப்பது சர்க்கரைக்குப் பயந்து என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிளம்பும்போது அந்தப் பெண் பூவை எடுத்துவிட்டுக் கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

பஸ் பிடித்து வில்லாபுரம் போய் வாசலில் நின்றேன். "ஐம்பத்தேழும் ஆச்சு" என்றேன். உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "தை மாசம் நாள் பாக்கச் சொல்றேன்" என்றாள். டெஸ்டு ஜோக்கெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு ஆரம்பித்ததுதான். கடைசி வீட்டைப் பற்றி அவளிடமும் நான் சொன்னதில்லை. இப்போது உங்களோடு சேர்ந்து அவளும் படிக்கட்டும்.

அன்று வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். ஞாயிறு, யாரும் இல்லை. உண்மையான முகவரியைக் கண்டால் ஓடாமல் நின்றுவிட வேண்டும் என்று கருவியில் இரண்டு வரி சேர்த்தேன். என் போட்டோவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெறும் வெள்ளைப் படத்தை வைத்தேன். பிறகு கருவியை மூடிவிட்டு, சோதனை வெப்சைட்டில் எல்லாப் படிகளையும் கையாலேயே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தேன். பெயர், நட்சத்திரம், பட்டியல். அஅஅ-வுக்குப் பக்கத்தில் விருப்பம் பட்டன் வந்தது. மவுஸின் மேல் இருந்த என் விரலில் அந்தக் கடிதத்தின் மஞ்சள் ஒட்டியிருந்தது. அழுத்தாமல் வெளியேறினேன்.

நோட்டை எடுத்து அன்றைய சோதனை விவரத்தை எழுதினேன்: நாற்பத்தொரு படிகளில் நாற்பது சரி. ஒன்று செய்யவில்லை.