கக்கூஸ் தொரையின் அரைமணி நேரம்

1936 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால் மணி. இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடாத தூறல். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். பதவி உயர்வுப் பரீட்சையில் பாதியைக் கக்கூசுக்குள் உட்கார்ந்தே கழித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அந்தப் பரீட்சை அன்றுதான் நடந்தது.

அவர் சுகாதாரப் பிரசாரகர். தோட்டம் தோட்டமாகப் போய்க் கொக்கிப்புழுவைப் பற்றிப் பேசுவது வேலை. புழு மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து ஏறும், இரத்தத்தைக் குடிக்கும், ஆகவே தேயிலைக்குள் ஒதுங்காமல் கக்கூசுக்குப் போங்கள் என்பதே பாடம். லயம் என்கிற கூலி வரிசைவீடுகளில் இருந்த ஆட்கள் அவருக்குக் 'கக்கூஸ் தொரை' என்று பெயர் வைத்தார்கள். அவருக்குக் கோபமே இல்லை. "தொரைன்னு சொல்றாங்கல்ல, அது போதுங்க" என்பார்.

தலைமைப் பிரசாரகர் பதவிக்கான பரீட்சையில் இரண்டு முறை தோற்றிருந்தார். வயது வரம்பினால் இது கடைசி முறை. எழுத்துப் பரீட்சையில் தேறி, செய்முறைக்கு எங்கள் தோட்டத்தைக் கேட்டு வாங்கினார். தோட்டத்துக் கிளாக்கரான எனக்கு அன்றோடு தூக்கம் போயிற்று.

மனிதர் ஓர் இடத்தில் நிற்கமாட்டார். எதிரே வருகிறவரையெல்லாம் கேள்வி கேட்பார். சவரக் கத்தி கழுத்தில் இருக்கும்போதே, "புழு எந்த வழியா ஏறும், சொல்லுங்க?" என்று நாவிதர் பக்கம் திரும்பியதில் காதோரம் ஒரு வாரம் பிளாஸ்திரி. வட்டவளைக் கடை முதலாளி என்னிடம் அழாத குறை. "அரை றாத்தல் சீனி வாங்க வந்த ஆளு, இவருக்குப் பயந்து டிக்கோயாவுக்கே போயிட்டான். இவரு பாஸாகுறதுக்குள்ள நான் கடையச் சாத்திருவேன் ஐயா!"

அன்று காலை பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் ஒரு லயத்து ஆட்களைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தோம். பரிசோதகர் ஒரு வெள்ளைக்கார டாக்டர், கையில் கடிகாரம். மொத்தம் அரைமணி நேரம். பேச்சுக்கும், ஆட்கள் சொல்லும் பதிலுக்கும், பாடம் பழக்கமானதா என்பதற்கும் தனித்தனிப் புள்ளி. மொழிபெயர்க்க நான்.

ஆட்கள் பாடத்தை ஒப்பித்துத் தள்ளினார்கள். டாக்டர் மகிழ்ந்துபோய், லயத்துக்குப் பொதுவாகக் கட்டிய புதுக் கக்கூசைப் பார்க்கப் புறப்பட்டார். வெள்ளையடித்த சுவர், வாசலில் கோலம், நிலையில் செவ்வந்திப் பூமாலை, கதவில் பூட்டு. ஆடு புகுகிறது என்று கங்காணியின் மனைவி பாக்கியம் கேட்டதால் நான் வாங்கிக் கொடுத்த பூட்டுத்தான்.

"யாரெல்லாம் இதுக்குள்ள போறீங்கன்னு டாக்டர் கேக்குறாரு" என்றேன்.

பாக்கியம் பதறிவிட்டாள். "என்னங்க கிளாக்கரையா இப்படிக் கேக்குறீங்க! சுத்தமா வச்சிருக்கணும்னு தொரை எத்தன தரம் சொல்லியிருக்காரு. ஒரு ஈ உள்ள போனதில்லீங்க. இதுலயா போயி..."

"அப்ப எங்க போறீங்க?"

"எப்பவும் போற எடத்துக்குத்தான்."

கூட்டமே பெருமையோடு தேயிலைப் பக்கம் கை காட்டியது.

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில், கக்கூஸ் தொரையே முந்திக்கொண்டார். ஒருவரும் போவதில்லை ஐயா, பாடம் மனப்பாடமாகிவிட்டது, பழக்கமாகவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் பென்சிலை எடுத்தார். "சரி, இப்போது என்ன செய்வீர்?"

"சாவி எங்கம்மா?"

"விடிய வெளக்கேத்திப் பூட்டிட்டு, கங்காணி அட்டன் டவுனுக்குக் கொண்டு போயிட்டாருங்க."

தொரை ஒரு கல்லை எடுத்தார். இரண்டே அடியில் பூட்டு தெறித்தது. டாக்டர் கை கழுவப் பாக்கியம் ஏந்தியிருந்த செம்பைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"ஐயோ தொரை! உள்ள வெளக்கு எரியுது!"

"அதான் நல்லாத் தெரியுது தாயி!"

நிமிஷங்கள் ஓடின. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். கதவைத் தட்டினேன். "வெளிய வாங்க! பரீட்சை நேரம் முடியுது!"

"நேரம் பாத்தா இந்தக் காரியம் நடக்குமா கிளாக்கரையா?"

லயமே சிரித்தது. அவர் வெளியே வந்து, "இது இனி கோயில் இல்ல. அடுத்தது யாரு?" என்றார். பாக்கியம் முந்தானையைச் செருகிக்கொண்டு செம்பை நிரப்பினாள். "நகருங்கடி, மொதல்ல நான்!"

பதினொரு நிமிஷம் கூடிவிட்டதென்று டாக்டர் அவரைத் தேறாதவராக்கினார். கடைசி வரைக்கும் அவர் சாதாரணப் பிரசாரகர்தான்.

உடைந்த பூட்டை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அவர் பணத்தோடு வந்தார், நான் வாங்கவில்லை. புதுப் பூட்டு வாங்கிப் போடச் சொன்னார்கள்; நான் அதையும் வாங்கவில்லை. ஆகமொத்தம் எனக்கான செலவு, ஒரு ரூபாய் பத்துச் சதம்.