வால் வெட்டிய முடிச்சு

எனக்கு நடந்துகொண்டே கனவு காணும் பழக்கம் உண்டு. பத்திரிகையில் படித்ததை உடனே செய்துபார்க்கும் பழக்கமும் உண்டு. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் தப்பியிருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஊர் உயிலங்குளம், வேலை மன்னாரில் ஒரு கந்தோரில். அங்கே வேலைசெய்த ஜெனிற்றாவைக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டேன். (அவளிடம் மட்டும் சொல்லவில்லை. மற்ற எல்லோருக்கும் தெரியும்.) அந்த ஆடியில் தாய் தகப்பனோடு மடுமாதா கோவிலுக்கு நடந்து போவதாக அவள் சொன்னாள்.

"நானும் வாறன். சாமானெல்லாம் நானே தூக்கிறன்" என்றேன்.

கடையில் பை வாங்குவது என் கௌரவத்துக்குக் குறைச்சல். லொறி மூடும் தறப்பாளில் நானே ஒன்று செய்தேன். தோளில் மாட்டவும், எல்லோருடைய உடுப்புகளையும் சுருட்டிப் பைக்கு அடியில் கட்டவும் நைலோன் பட்டி வேண்டும். என்னிடம் இருந்தவையோ துண்டுகள். அவற்றைத் தைக்கப்போய் மூன்று ஊசி உடைந்ததும், அக்கா என்னைத் தையல் மெஷினை விட்டு எழுப்பிவிட்டாள்.

மலையேறுபவர்களுக்கான ஒரு பத்திரிகையில் வழி கிடைத்தது. (மன்னாரில் மலை கிடையாது. ஏறுவதென்றால் தண்ணீர்த் தாங்கியில்தான் ஏறவேண்டும்.) ஒரு பட்டியின் நுனியில் தளர்வாக ஒரு முடிச்சு. மற்றப் பட்டியை எதிர்ப்பக்கத்தால் நுழைத்து, அதே வழியில் முறுகாமல் படியவிட்டு, இழுத்து இறுக்கவேண்டும். ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். முடிச்சின் இருபக்கமும் நாலு விரல் நீளத்துக்கு நுனியை வாலாக விடச் சொல்லியிருந்தது. அது எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. ஒட்ட வெட்டி, நுனியை மெழுகுதிரியில் கருக்கினேன்.

மன்னாரில் அவர்கள் வீட்டிலிருந்து புறப்படும்போது ஜெனிற்றாவின் தகப்பன் முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"வால் நீளம் காணாது தம்பி. நைலோன் வழுக்கும்."

"இது வேற முறை, அங்கிள்."

நாற்பது வருடம் கயிறும் வலையுமாகக் கடலில் கிடந்த மனிதரிடம் சொல்கிறேன்!

கடலுக்குக் குறுக்கே அக்கரைக்குப் போகும் தாம்போதியில் ஏறும்போது விடிந்துகொண்டிருந்தது. எது கடல், எது வானம் என்று தெரியாத வெளிச்சம். சோளகக் காற்று மெல்ல எழும்பியது. தாயும் தகப்பனும் முன்னால் போக, நானும் ஜெனிற்றாவும் பின்னால் நடந்தோம். கால் நிலத்தில் படாததுபோல் இருந்தது.

"உங்களோட நடந்தா எனக்குப் பாரமே தெரியேல்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் கடலைக் காட்டினேன்.

"அங்க பாருங்கோ, ஒரு வெள்ளைப் பறவை. எவ்வளவு ஆறுதலாப் பறக்குது!"

முன்னால் போன தாய் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ! அது என்ட சீலையெல்லோ!"

முடிச்சு எப்போதோ வழுக்கிச் சுருள் விழுந்திருந்தது. துவாயும் சட்டைகளும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. பூசைக்கு உடுப்பதற்கென்று அவர் மடித்துத் தந்த வெள்ளைச் சீலை, சிறகை விரித்து, நிதானமாகத் தண்ணீரில் போய் இருந்தது. பையைப் போட்டுவிட்டு இறங்கினேன். முழங்கால்வரை சேறு. என் இடது செருப்பு இன்றைக்கும் அங்கேதான் இருக்கும். சீலை சாம்பல் நிறத்தில் வந்தது.

தாய் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நான் திரும்பிப் போறன், அன்ரி" என்றேன். உண்மையாகவே அழுகை வந்தது.

"நீங்கள் போனா இதை ஆர் காயவைக்கிறது?"

அக்கரையில் ஒரு கிணற்றடியில் சீலையை அலசி, ஒரு தலைப்பை என்னிடமும் மறு தலைப்பை ஜெனிற்றாவிடமும் தந்தார். தெருவோரமாக அதை விரித்துப் பிடித்தபடி நடந்தோம். காற்று அதை ஊதி ஊதி உயர்த்தியது. வெயில் அதற்குள்ளால் வெள்ளையாக வடிந்தது. அவள் முகம் தெரியவில்லை. அதனால்தான் எனக்குத் துணிவு வந்தது.

"ஜெனிற்றா, என்னைக் கட்டுவீங்களோ?"

என் கை தாழ்ந்து, தலைப்பு புழுதியைத் தொட்டது.

"கையை உயர்த்திப் பிடியுங்கோ, நிலத்தில முட்டுது" என்றது சீலைக்கு அப்பாலிருந்து குரல். பிறகு, மெதுவாக, "ஓம்."

"எனக்கும் கேட்டது" என்றார் பின்னால் வந்த தாய்.

இப்போதும் சோளகம் தொடங்கிக் கொடியில் உடுப்புகள் ஆடினால், மாமி கதிரையில் இருந்தபடியே கூப்பிடுவார்: "மருமகன், ஓடிவாங்கோ! பறவையள் பறக்கப் பாக்குது!"

முன்பள்ளியில் ஒருநாள் ரீச்சர், பறவைகள் எங்கே இருக்கும் என்று கேட்டாராம். எங்கள் மகள் எழும்பி நின்று சொல்லியிருக்கிறாள்: "அம்மம்மாட அலுமாரிக்குள்ள."