சலங்கு மேஸ்திரி கட்டிய வீடு

வீடு கட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். வீடு என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு வீட்டைக் கட்டி, அதை வாங்கியவனை முதலில் அழவைத்து, பிறகு அதே வீட்டின் எதிரில் வாய்பிளந்து நிற்கவும் வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பழவேற்காட்டுச் சலங்கு மேஸ்திரி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. கடலில் தள்ளி நிற்கும் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கி, அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவருகிற படகுக்குச் சலங்கு என்று பெயர். பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு. மருந்துக்குக்கூட ஓர் ஆணி இருக்காது. அதைக் கட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கோட்டையில் இருக்கிற உலாந்தாக் கப்பித்தான் துரையே அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். ஆனால் வாய் திறக்க மாட்டார். திறந்தால் மேஸ்திரி பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம். இப்போது கம்பெனி அவரை நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போய் மூன்று மழைக்காலம் ஆகிறது. அங்கே யாரெல்லாம் வாயடைத்து நிற்கிறார்களோ!

நான் அந்தக் கோட்டைப் பண்டகசாலையில் துணிக்கட்டுகளின் மேல் கம்பெனி முத்திரை குத்துகிறவன். மையில் தொட வேண்டும், குத்த வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் கோட்டைக்குள் போய் மை தொட ஆரம்பித்தால் அவன் தலைக்குள் என்னவோ நடந்துவிடுகிறது. எனக்கும் நடந்தது. குடிசைக்குள் குனிந்து போகக் கூச்சமாக இருந்தது. சுண்ணாம்புச் சுவர், ஜன்னல், சாவி போட்ட கதவு, உலாந்தாக்காரர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு கக்கூஸ், இதெல்லாம் இல்லாமல் ஒரு மனிதன் எப்படி உயிர் வாழ்கிறான் என்று நானே என்னைப் பார்த்து ஆச்சரியப்பட ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஏரிக்கரையில் ஒரு வீடு விலைக்கு வந்தது. ஒரு துணி வியாபாரிக்காகச் சலங்கு மேஸ்திரி கட்டியது. படகுகளுக்கு நடுவே அவர் கட்டிய முதல் வீடு. வியாபாரி வந்தார், உள்ளே போனார், வெளியே வந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'புத்தம் புதுசு, ஒரு நாள்கூட ஒருத்தரும் குடியிருக்காத வீடு' என்று ஊரெல்லாம் பெருமையடித்தேனே ஒழிய, ஏன் ஒருத்தரும் குடியிருக்கவில்லை என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. வாங்கிவிட்டேன். பழைய குடிசையைப் பிரித்து அடுப்பெரித்தும் தீர்த்தாயிற்று.

முதல் நாள் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வழிந்த பால் நிற்கவில்லை. கூடத்தைத் தாண்டி, அறையைத் தாண்டி, வழி தெரிந்ததுபோல மூலைக்கு ஓடி, அங்கிருந்த ஓர் ஓட்டையில் இறங்கி மறைந்துவிட்டது. ஓட்டைக்குப் பக்கத்திலேயே அதை அடைக்க ஒரு மரத் தக்கை, கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அஞ்சலை ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? வூட்டுக்குத் தொப்புளா?"

மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் கடற்கரையில் ஒரு சலங்கின் வயிற்றுக்குள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, தரை சாய்வா கீது. மூலைல ஓட்டை கீது."

"தண்ணி உள்ள வந்தா எப்டி வெளிய போவும்? நீ முகந்து ஊத்திகினு இருப்பியா?"

"இது வூடு மேஸ்திரி! தண்ணி இன்னாத்துக்கு உள்ள வருது?"

அவர் தைப்பதை நிறுத்தி, என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். "ஏரிக்கரைல வூட்ட வாங்கிகினு கேக்குற கேள்வியா இது, முத்திரை?"

திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று தேடினேன். அகப்படவில்லை.

அந்த வீட்டில் நேரான சுவர் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கும். அலமாரியைச் சுவரோடு சாய்த்து வைத்தால் அது சுவரைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். கூரை என்பது கவிழ்த்துப்போட்ட ஒரு பெரிய சலங்கு. பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடுக்கில் வைக்கோல் திணித்து, மேலே மீன் எண்ணெய் பூசியிருந்தார். விளைவு, பழவேற்காட்டில் உள்ள பூனைகள் அத்தனையும் என் கூரைமேல் குடிவந்துவிட்டன. வாங்கியவன் நான், அனுபவித்தவை அவை.

கக்கூஸைப் பற்றி எழுதக் கூடாது என்று அஞ்சலை சொல்லியிருக்கிறாள். எழுதுகிறேன். படகில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுபோல வீட்டின் பின்னால் ஏரித் தண்ணீருக்கு மேலே அதைத் தொங்கவிட்டிருந்தார். மறைப்பு வீட்டுப் பக்கம் மட்டும்தான். ஏரிப் பக்கம் திறந்தவெளி. காலையில் பசியாவரம் தீவிலிருந்து வருகிற படகுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், "இன்னா முத்திரை, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நானும் சௌக்கியம் என்றேன். வேறென்ன சொல்வது?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. வீடு ஆடியது. காற்று லேசாகத் தொட்டால் போதும், கூரை முனகும், தூண்கள் அசையும். முதல் தடவை அது முனகியபோது நான் கட்டிய மனைவியை உள்ளே விட்டுவிட்டு முத்திரைக் கட்டையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியவன். இன்றுவரை எந்தக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் அஞ்சலை இதைச் சொல்லத் தவறியதில்லை.

"ஆடுது மேஸ்திரி!" என்று அலறினேன்.

"ஆடணும்."

"வூடு ஆடக் கூடாது மேஸ்திரி!"

"யார் சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையில் யாருமே சொல்லியிருக்கவில்லை. இதுதான் அந்த மனிதரிடம் உள்ள சிக்கல். புகாரோடு போகிறவன் சந்தேகத்தோடு திரும்பி வருவான்.

கோடை மழை ஒன்று பெய்தபோது கூரை ஓர் இடத்தில் ஒழுகியது. சொல்லியனுப்பினேன். மறுநாள் அவர் ஏழெட்டு ஆட்களோடு வந்தார். கூரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலைப் பலகை வைத்து இடுப்புயரம் அடைத்தார். இடுக்கில் நார் திணித்தார். மூலை ஓட்டையில் தக்கையைச் செருகினார். பிறகு குப்பத்துப் பெண்களைக் கூப்பிட்டு, ஏரித் தண்ணீரைக் குடம் குடமாக என் கூடத்தில் கொட்டச் சொன்னார்.

"மேஸ்திரி, இன்னா பண்றீங்க!"

"படகு ஒழுவுனா உள்ள தண்ணி ஊத்தி, வெளிய எங்க கசியுதுன்னு பாப்போம். எதுக்குப் பதர்ற?"

"ஒழுவுறது கூரை!"

"அடி சரியா இல்லாம மேல இன்னாத்த பாக்குறது?"

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கட்டில் மிதந்தது. கட்டிலின் மேல் அஞ்சலை, மடியில் உப்புப் பானையோடு, என்னை மட்டும் பார்த்தபடி கூடத்தில் மெல்லச் சுற்றிவந்தாள்.  வாய்விட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேஸ்திரி வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தார். சுவரில் ஒரு துளி கசிவு இல்லை. "பாத்தியா? சொட்டு வெளிய போவல!" என்று என் தோளில் ஓங்கித் தட்டினார். பிறகு குனிந்து தக்கையைப் பிடுங்கினார். அத்தனை தண்ணீரும் ஒரு பெருமூச்சு விடுகிற நேரத்தில் வடிந்து, தரை துடைத்துவைத்தாற்போல் ஆகிவிட்டது. நான் திட்ட வந்தவன், என்னையறியாமல் "அடேயப்பா" என்றேன். மூன்று நண்டுகள் மட்டும் போக மறுத்தன. குழம்பு வைத்தோம். கூரையில் ஒழுகிய இடத்தை அவர் போகிறபோக்கில் நாலு தையலில் சரிசெய்துவிட்டுப் போனார். அதை ஒரு வேலையாகவே அவர் நினைக்கவில்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் பசியாவரத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் வள்ளிக்கு ஐப்பசியில் எட்டு மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும். தாய்வீடு என்று எங்களுக்கு இருந்தது இது ஒன்றுதான். குழந்தை பிறக்கிற நேரமோ புயல் வருகிற கார்த்திகை.

அஞ்சலை தெளிவாகச் சொன்னாள். "இந்தா பாருய்யா. கொழந்த பொறக்கசொல்ல கூரை மேல இருக்கணும். பக்கத்துல இல்ல. மேல."

எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் கூரை பறந்தது. மேஸ்திரி கடற்கரையில் கப்பல் வேலையாக இருந்த நாலு நாளில், பொன்னேரியிலிருந்து ஒரு கொத்தனாரைத் திருட்டுத்தனமாக வரவழைத்தேன். அவர் தூக்குக்குண்டு நூலைச் சுவரில் பிடித்துப் பார்த்து, பிடித்துப் பார்த்து, கடைசியில் நூலையே சந்தேகப்பட்டார்.

"இத்த கட்டினவரு எங்க கீறாரு? நான் கும்புடணும்" என்றார்.

"அத்த அப்புறம் கும்புடலாம். ஆடாம பண்ண முடியுமா?"

"ஆணி இருந்தா ஒரு நாள்ல பண்ணிடுவேன்."

கோட்டைத் தச்சனிடம் கெஞ்சி, சாண் நீள இரும்பு ஆணிகளாக ஒரு கூடை வாங்கிவந்தேன். கொத்தனார் கூரைப் பலகைகளை உத்தரத்தோடு சேர்த்து அடித்து இறுக்கினார். வீடு கப்சிப் என்று ஆகிவிட்டது. முனகல் இல்லை, அசைவு இல்லை. வாங்கிய நாள் முதல் அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். மேஸ்திரியையே ஜெயித்துவிட்டவன்போல இரண்டு நாள் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

வள்ளி படகில் வந்து இறங்கினாள். மூக்கைச் சுளித்தாள். "இன்னா நைனா, வூடு பூரா மீன் வாசனை அடிக்குது?"

"அது உலாந்தா வாசனைம்மா. பெரிய மனுஷங்க வூடு இப்டிதான் இருக்கும்."

கார்த்திகையில் ஒருநாள் விடியும்போதே வானம் கறுத்து, ஏரி அலையாக எழுந்து நின்றது. வள்ளிக்கு வலி கண்டதும் அதே நேரம். மருத்துவச்சி எப்படியோ வந்து சேர்ந்துவிட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எதிர்வீட்டு ஓடுகள் காக்கைக் கூட்டம்போலக் கிளம்பிப் போயின. அடுத்த தெருக் கூரை ஒன்று ஏரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. என் வீடு மட்டும் அசையாமல் நின்றது. ஆகா என்று நினைத்த அதே கணம், தலைக்கு மேல் 'டப்' என்றது. ஒரு பலகை ஆணி இருந்த இடத்தில் பிளந்திருந்தது. மறுபடி ஒரு 'டப்'. உள்ளே வள்ளி வலியில் கத்தினாள். வெளியே நான் அவளைவிட உரக்கக் கத்தினேன்.

கொட்டுகிற மழையில், தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடு, சலங்கு மேஸ்திரி வந்துகொண்டிருந்தார். கடற்கரையில் அவருடைய நாலு சலங்குகள் அலையில் கிடந்தன. வள்ளிக்கு வலி கண்ட சேதி கேட்டு, அவற்றை விட்டுவிட்டு வந்திருந்தார். வாசலில் நின்று கூரையைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இது இன்னாத்துக்குப் பேசாம கீது?"

அப்புறம்தான் அண்ணாந்து, பிளந்த பலகையில் தெரிந்த ஆணியைப் பார்த்தார்.

"எவன்டா ஆணி அடிச்சது?"

"பொன்னேரிக் கொத்தனாரு."

"ஆணி யாருது?"

"கோட்டையுது."

"அடிக்கச் சொன்னது?"

அறைக்கதவின் இடுக்கிலிருந்து அஞ்சலையின் கை மட்டும் வெளியே வந்து, விரலை நீட்டி, என்னைச் சுட்டிக்காட்டிவிட்டு உள்ளே போனது.

மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினார். மறுமுனையைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி என் கையில் கொடுத்தார். "நான் பறந்தா இழு" என்றார். உளியும் சுத்தியலுமாக ஏணியில் ஏறிவிட்டார்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மனிதர் புயலுக்கு நடுவே ஒரு கூரையில் வயிறு ஒட்டப் படுத்துக்கொண்டு, அந்தக் கூரையை இறுக்கிவைத்திருக்கும் ஆணிகளைப் பிடுங்குவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். "வாணாம் மேஸ்திரி, பறந்துடும்!" என்று கதறினேன்.

"அலைல வளையாத சலங்கு ரெண்டா ஒடியும்! காத்தும் அலதான்டா!" என்று மேலிருந்து குரல் வந்தது. கூடவே ஓர் ஆணியும் வந்து என் காலடியில் விழுந்தது.

ஒவ்வோர் ஆணி விழும்போதும் கூரை கொஞ்சம் தளர்ந்தது. பாதி ஆணிகள் போனதும் அது முனக ஆரம்பித்தது. கடைசி ஆணி விழுந்தபோது நான் கண்டதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. காற்று ஓங்கி அறைந்தது. மொத்தக் கூரையும் ஒரு விரற்கடை மேலே எழுந்தது, தூண்கள் கூடவே சாய்ந்தன, கயிறுகள் எல்லாம் ஒன்றாக இழுபட்டன, பிறகு அத்தனையும் நிதானமாகத் தன் இடத்துக்கு வந்து அமர்ந்தன. தூங்குகிற ஆளின் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல. காற்று அடுத்து அறைந்தது, கூரை மறுபடி எழுந்து அமர்ந்தது. வீடு முழுக்க அசைந்துகொண்டிருந்தது. வீட்டில் எதுவும் ஒடியவில்லை. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் பயப்பட மறந்துவிட்டேன்.

ஆணி வேலை முடிந்தும் மேஸ்திரி இறங்கவில்லை. பிளந்த பலகைகளுக்கு மேல் படுத்து, ஒரு கையால் தையல்களைத் தடவித் தடவி, இங்கே ஒரு முடிச்சை இழுத்தும் அங்கே ஒன்றைத் தளர்த்தியும் கிடந்தார். மதியம் தாண்டியது. மழை விட்டது. காற்று மெல்லப் படுத்து, பிறகு அடங்கியே போயிற்று. தெருவில் ஜனங்கள் வெளியே வந்து, தங்கள் கூரைகள் எந்தத் திசையில் போயின என்று தேட ஆரம்பித்தார்கள்.

"காத்து நின்னுடுச்சி மேஸ்திரி. எறங்குங்க!"

 மேலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கொழந்த பொறந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நான் இங்கியே கீறேன்."

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. மேலே அவர், கீழே நான், இடையில் அந்தக் கயிறு. பிறகு உள்ளேயிருந்து மெல்லிசாக, கோபமாக, ஓர் அழுகை. அஞ்சலை வாசலுக்கு ஓடிவந்து, "பொண்ணுய்யா! வள்ளி நல்லா கீறா!" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினாள்.

"அழுவுதா?" என்றார் மேலிருந்து.

"அழுவுது மேஸ்திரி."

"நல்லா அழுவுதா?"

"ஊரைக் கூட்டுது."

"சரி. ஏணியப் போடு."

காற்றில் சாய்ந்து கிடந்த ஏணியைத் தூக்கிப் போட்டேன். காற்று ஓய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. இருந்தாலும் அவர் கடைசிப் படியை விட்டுத் தரையில் கால் வைக்கும்வரை, நான் அந்த ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.