துண்டின் மறு நுனி

கண் போனது ஊருக்குத் தெரிவதற்குள் உயிர் போய்விட வேண்டும் என்று ராக்கையா முடிவு செய்திருந்தார். தெரிந்தால் ஏர் பிடிக்க விடமாட்டார்கள். மூலையில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் நடித்தார். எதிரே நிழலாடினால் "என்னப்பா, சௌக்கியமா?" என்பார். மாடுகளையும் பலமுறை விசாரித்திருக்கிறார். வீட்டுக்குள் மட்டும் எதிலும் இடித்துக்கொண்டதில்லை. அது தன் சாமர்த்தியம் என்று அவருக்குப் பெருமை.

ராயப்பன்பட்டிக்கு மிஷன் கண் டாக்டர் வந்திருப்பதாகப் பேச்சு வந்த அன்று, மனைவி ராமுத்தாய் அடுப்படியிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஏங்க, எனக்குக் கண்ணு மங்குது. டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போறீகளா?"

"எனக்கு வேலை கெடக்கு. நீ போய்ட்டு வா."

"கண்ணு தெரியாதவ தனியா எப்படிப் போவா? நீங்க முன்னால நடங்க. ஒங்க துண்டு நுனியப் புடிச்சுக்கிட்டே வாரேன்."

பெண்டாட்டி பின்னால்தான் நடக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துச் சட்டம். எந்தக் கோர்ட்டில் எழுதினார்களோ, யாரும் கேட்டதில்லை. ராக்கையா மார்பை நிமிர்த்தி முன்னால் நடந்தார்.

"ஏ புள்ள, ஏன் எடப்பக்கம் இழுக்குற?"

"தடுமாறுதுங்க."

இடப்பக்கம் ஒதுங்கினார். வலப்பக்கம் ஒரு வண்டி உரசிக்கொண்டு போனது. வாய்க்கால் மரப்பாலத்தில் துண்டு இறுகியது, நின்றார். தளர்ந்தது, நடந்தார்.

"இம்புட்டுத் தடுமாறுறியே. நான் இல்லாட்டி வாய்க்கால்லதான் கெடந்திருப்ப."

"ஆமாங்க" என்றாள் ராமுத்தாய்.

டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தார். "இந்தம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல." அவள் கைகாட்ட, ராக்கையாவின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். புரை என்றால் அறுத்து எடுத்துவிடலாம். இது உள்ளே நரம்பு செத்த கேஸ், போன பார்வை திரும்பாது என்றார். "முன்னாலயே வந்திருந்தா மிச்சத்தைக் காப்பாத்திருக்கலாம்."

நர்ஸ் ராமுத்தாயிடம் சொன்னாள்: "வீட்டுல சாமானை எடம் மாத்தாதீங்கம்மா."

"மாத்தல தாயி. பானை, கட்டிலு, முக்காலி எல்லாம் அங்கங்கனதான் இருக்கு. மருமக முக்காலிய நகட்டுனதுக்குச் சண்டையே போட்டிருக்கேன்."

ராக்கையாவின் சாமர்த்தியம் அங்கேயே முடிந்தது.

"நடக்கும்போது ஐயா ஒங்க முழங்கையப் புடிச்சுக்கிட்டு ஒரு எட்டுப் பின்னால வரட்டும்" என்றாள் நர்ஸ்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"வீரபாண்டித் திருவிழாவுல எவளோ ஒருத்தி கையப் புடிச்சு, 'வாடி வீட்டுக்கு'ன்னீகளே. பெறகு தங்கச்சி முறைன்னு சமாளிச்சீகளே. அன்னைக்கே."

"அப்பவே சொல்லிருக்கலாமில்ல?"

"கண்ணக் காட்டுவோம்னு சொன்னப்பல்லாம் சோத்துத் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சீக."

உண்மைக்கு நகராத மனிதரை ஒரு பொய்தான் இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டி வந்தது. அதுவும் காலம் தாழ்த்தி. அவள் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள். பார்க்க உதவாத கண், அழ மட்டும் நன்றாக வேலை செய்தது.

ஆளில்லாத பாதையில் அவள் முழங்கையைப் பிடித்தே வந்தார். கால் ஒரு கல்லிலும் இடறவில்லை. ஊர்க் கிணற்றில் குடங்கள் மோதும் சத்தம் கேட்டதும் கையை விட்டார். முன்னால் போய்த் துண்டை நீட்டினார்.

"புடிச்சுக்க. ஒனக்குத்தான கண்ணு தெரியல."

கண் போனது வெட்கமாம்; பெண்டாட்டி முன்னே நடந்தால் அதைவிட வெட்கமாம். இந்த வெட்கத்தை அறுத்தெடுக்க எந்த டாக்டர் வருவார்? ராமுத்தாய் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

கிணற்றடியில் பக்கத்து வீட்டு அன்னத்தாய் கேட்டாள். "என்னண்ணே, மதினி கண்ணு எப்படி இருக்காம்?"

"போச்சுத்தா, சுத்தமாப் போச்சு. இனிமே நாந்தான் அவளக் கூட்டிக்கிட்டு நடக்கணும்" என்றார் ராக்கையா.

"சரிண்ணே" என்றாள் அன்னத்தாய், மெதுவாக. "நான் இங்கன, ஒங்க முதுகுக்குப் பின்னால நிக்கிறேன்."