கெலமங்கலத்தில் நான் லைன் எடுத்த கதை

யாரிடமும் பேசாமல் செய்யக்கூடிய காரியம் என்பதால்தான் நான் போட்டோகிராபி படிக்கப் போனேன். கலை, தாகம் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்தது சுத்தப் பொய்.

ஏழு வருடங்களுக்கு முன் தென்காசிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவன் நான். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை. பகல் முழுக்க மெஷின் சத்தம். பேசினாலும் யாருக்கும் கேட்காது. சாயங்காலம் இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. பேசினால் நன்றாகக் கேட்கும், கேட்கத்தான் ஆளில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம். என் தமிழைக் கேட்டு மளிகைக் கடைக்காரர், "நீங்க கேரளாவா?" என்று விசாரித்த நாளிலிருந்து, வேண்டியதை விரலால் காட்டியே வாங்கப் பழகிக்கொண்டேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை என் வாயிலிருந்து வந்த ஒரே சொல் 'பார்சல்' என்பதாக இருக்கும்.

சனிக்கிழமை மாலைகளில் ஒரு பேக்கரியின் மாடியில் வகுப்பு நடந்தது. வாத்தியார் கல்யாண போட்டோகிராபர். முதல் பாடம், கோடு. "மாடிப்படி, கடை ஷட்டர், துணி காயப்போடுற கொடி, எங்க பார்த்தாலும் கோடுதான். அது போற வழியில கண்ணைப் போக விடுங்க" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். கோட்டிடம் அனுமதி கேட்க வேண்டாம். கொஞ்சம் சிரிங்க என்று கெஞ்ச வேண்டாம். பஸ் ஸ்டாண்டு நாற்காலி, மின்கம்பி, பாலத்துக் கைப்பிடி என்று ஒரு மாதம் எடுத்துத் தள்ளினேன். வாத்தியார் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஊரே காலி பண்ணிட்டுப் போயிடுச்சா?" என்றார். (அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.)

அடுத்த பாடம், படத்துக்குள் எதை எங்கே வைப்பது. சட்டத்தை நீளவாக்கில் இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு போட்டு ஒன்பது கட்டமாகப் பிரிக்க வேண்டும். முக்கியமான பொருள் நடுவில் நிற்காமல், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை கெலமங்கலம் வழியாகப் போகும் பஸ் ஏறி, அந்த ஊரைத் தாண்டி ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கினேன். சாலையோரம் ஒரு தக்காளித் தோட்டம். வரிசை வரிசையாகக் குச்சி நட்டு, சணல் இழுத்துக் கட்டி, கீழே சொட்டுநீர்க் குழாய்கள் நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. தோட்டத்தின் மூலையில் ஒரு மோட்டார் ரூம். நான் மூன்றுகால் ஸ்டாண்டை விரித்துக் கேமராவை மாட்டினேன். வெயிலுக்குக் கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பியை வைத்துக்கொண்டேன். நோட்டை எடுத்துத் தோட்டத்தை வரைந்து, ஒன்பது கட்டம் போட்டு, மோட்டார் ரூமின் மேல் ஒரு பெருக்கல் குறியும் போட்டேன்.

வரப்பில் ஒரு அம்மாள் வந்து நின்றார். கௌரம்மா என்று பிறகு தெரிந்தது.

"என்னாங்க பண்ணிகினு இருக்கீங்க?"

"லைன் எடுக்கேன்க்கா" என்றேன், பணிவாக.

அவர் கையிலிருந்த கூடையை அப்படியே வைத்துவிட்டு, "ஏமண்டி, இக்கட ரண்டி!" என்று போட்ட சத்தத்தில், அவர் கணவர் வெங்கடப்பாவும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஏழெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள்.

"எந்த லைனு? ஐ டென்சன் கரண்டு லைனா?" என்றார் வெங்கடப்பா.

"இல்லண்ணே, சும்மா லைன். எங்கெங்க போவுதுன்னு பாத்துட்டு வரச் சொன்னாரு, சாரு."

"எந்த சாரு? தாசில்தாரா?"

அதற்குள் ஒருவர் என் நோட்டைப் பிடுங்கிவிட்டார். "ணா, இங்க பாருணா! உன் நெலத்த ஒம்போது சைட்டா பிரிச்சிக்கிறான்!" (வீட்டுமனையை இந்தப் பக்கம் சைட் என்பார்கள்.) "மோட்டார் ரூம இடிக்கறதுக்கு மார்க்கே போட்டுட்டான்!"

"அது படத்துக்குண்ணே" என்று பதறினேன். "மூணுல ஒரு பங்கு விதின்னு ஒண்ணு இருக்கு..."

"மூணுல ஒரு பங்கா? யாருக்குடா?"

சிரிக்கத் தோன்றும் இடம்தான். ஆனால் கேட்ட வெங்கடப்பா போய் மோட்டார் ரூம் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். போன வருடம் பக்கத்து ஊருக்கு இதேபோல் மூன்றுகால் பெட்டியோடு சிலர் நிலம் அளக்க வந்தார்களாம். இரண்டே மாதத்தில் தோட்டத்து நடுவே மின்கோபுரம் நின்றதாம். "எங்களுக்கு இருக்கறதே இந்த ஒன்ற ஏக்கரு" என்றார் கௌரம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஒரு மாதமாகக் கோடு கோடாகப் பார்த்துத் திரிந்தவன், அது யாருடைய நிலம் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

என்னை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுத் தெலுங்கில் ஆலோசித்தார்கள். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, "கட்டேய்!" சரி, மரத்தோடு கட்டப் போகிறார்கள் என்று கையை நானே முன்னால் நீட்டினேன். ஒருவர் என்னைத் தாண்டிப் போய், பயிரில் வாய் வைத்துக்கொண்டிருந்த மாட்டைப் பிடித்துக் கட்டினார்.

"உன்னத் தெரிஞ்சவங்க யாருனா இருக்காங்களா? போன் போடு" என்றார் வெங்கடப்பா.

வாத்தியார் ஏதோ கல்யாணத்தில் இருந்தார், எடுக்கவில்லை. சூப்பர்வைசர் போன் அணைந்து கிடந்தது. "அம்மாவுக்குப் போடட்டுமா?" என்றேன்.

"எல்லா அம்மாவும் புள்ளய நல்லவன்னுதான் சொல்லுவாங்க. இந்தப் பக்கத்து ஆளச் சொல்லு."

பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். கேஸ் புக்கிங். பிரியாணிக் கடை. ஹவுஸ் ஓனர் (அவருக்கு என் பெயர் தெரியாது, 'மேல் வீட்டுத் தம்பி'தான்). ஓசூருக்கு வந்து அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நான் இன்னார் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை என்பது ஏழெட்டுப் பேர் பார்க்க, நல்ல வெயிலில், எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் 'வாட்டர் கேன் மஞ்சு' (வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடும் இளைஞர்) என்ற பெயரை அழுத்தினேன். வெங்கடப்பா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"ரெண்டாவது மாடி அண்ணனா?" என்றது மஞ்சுவின் குரல். "ஐயோ, தங்கமானவருணா. போட்டோ பைத்தியம். பாவம், ஒத்த ஆளு. ஒரு கேனு பத்து நாளு வரும் அவருக்கு. தீவாளியன்னிக்கிக்கூட உள்ளாற தனியா உக்காந்துகினு இருந்தாரு. நான் கேன் போடப் போனா உட மாட்டாருணா, பேசிகினே இருப்பாரு. அடுத்த வீட்டுக்கு லேட்டாயிடும். நானும் பாவம்னு நின்னுகினு இருப்பேன்."

திருடன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டேன். மஞ்சு நின்று கேட்டது நட்பில் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கௌரம்மா என் பக்கத்தில் வந்தார். "சாப்டியாப்பா?"

ராகிக் களியும் கீரையும் வந்தன. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்ததைப் பார்த்து மொத்தக் கூட்டமும் சிரித்தது. அது பல்லில் ஒட்டிக்கொண்டதால், என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. புறப்படும்போது வெங்கடப்பா, "அந்தப் பொட்டில எங்கள எடுக்க முடியுமா?" என்றார். எல்லோரும் மாட்டோடு வந்து, விறைப்பாக, சட்டத்தின் நட்டநடுவில் நின்றார்கள். ஒரு விதிக்கும் பொருந்தாத படம். என் கேமராவில் மனித முகம் விழுந்தது அன்றுதான் முதல் முறை. பிரிண்ட் போட்டு அடுத்த ஞாயிறு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறு, கொடுக்க எதுவும் இல்லாமலே போனேன்.

மூன்று வருடம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். மாமனார் ஊரிலிருந்து ஓசூருக்குச் சொல்லாமல் வந்து, தெருமுனையில் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். அகப்பட்டவர் மஞ்சு. முழுக்கதையையும் சொன்னதோடு நிற்காமல், அவரை வண்டியில் ஏற்றி வெங்கடப்பா தோட்டத்துக்கே கூட்டிப்போய்விட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மாமனார் ஆரம்பித்துவிடுவார்: "எல்லாரும் மாப்பிள்ளைய ஒரு ஆள வெச்சு விசாரிப்பாங்க. எங்க மாப்பிள்ளைய ஒரு ஊரே புடிச்சு வெச்சு விசாரிச்சு, சோறும் போட்டுப் பாத்துட்டு, சரி பொழச்சுப் போன்னு விட்டிருக்கு. இதுக்கு மேல என்னவே சர்டிபிகேட் வேணும்?"