கலாசாலைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம்

பலாபத்வல,
1964 ஜனவரி.

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் ஜைனுதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான், உங்கள் தங்கச்சி, பிள்ளை ஹிதாயா எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீங்கள். ஹிதாயாவுக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்ததும், "கண்டிக்கு அந்தப் பக்கம், மலை மேலே, அவ்வளவு அழகான இடம், கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள்" என்று எழுதினீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நான் ஒரு சாக்கு மிளகுகூட வாங்கியதில்லை மச்சான், பெற்ற பிள்ளையை அனுப்புவேனா? அதுவும் இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று புறப்பட்டேன்.

பிள்ளை போய் இருக்கப்போகிற வீட்டைப் பார்ப்பதற்கு நம் ஆட்களுக்குத் தெரிந்த முறை ஒன்றுதானே. என் மூத்த சகோதரி ஹவ்வா ராத்தாவை முன்னால் விட்டோம். அவர் அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்துச் சரி சொல்லாமல் நம் குடும்பத்தில் ஒரு கலியாணமும் நடந்ததில்லை. என் கலியாணத்தின்போது உங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீரைக் குடித்தும் பார்த்தவர் அவர்தான். ஒரு சட்டி வட்டிலப்பம், ஒரு தட்டுத் தொதல், ஒரு வாழைக்குலை, எல்லாவற்றையும் வாடகைக்குப் பிடித்த ஹயரிங் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், விடுதி வார்டன் மீனாம்பிகை அம்மா, யாழ்ப்பாணத்து மனுஷி, தட்டுகளைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"வாங்கோ, இருங்கோ. ஆருக்குக் கலியாணம்?"

"கலியாணம் இல்லீங்க, கலாசாலையப் பாக்க வந்தோம்."

"அதுக்கு வாழைக்குலை என்னத்துக்கு?"

"வெறுங்கையோட எப்படிங்க வார?" என்று சொல்லி வட்டிலப்பச் சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, ராத்தா நேரே குசினிக்குள் போய்விட்டார். அந்த அம்மா சட்டியும் கையுமாகப் பின்னால் ஓடினார்.

முன்பக்கத்தை நான் பார்த்தேன். அழகில்லை என்று சொன்னால் நாளைக்கு அல்லாஹ் கேட்பான், அழகுதான். ஆனால் என்ன அழகு? கண்ணுக்கு எட்டியமட்டும் புல்லு, ஒரு ஆடு கிடையாது. மரமெல்லாம் பூக்கிற மரம், காய்க்கிற மரம் மருந்துக்கும் இல்லை. நல்ல உயரமான மரங்கள், ஒன்றிலாவது ஒரு மிளகுக்கொடியை ஏற்றிவிட யாருக்கும் தோணல்லையே! மரத்துக்கு மரம் பெஞ்சு வேறு, எல்லாம் இரண்டு பேருக்கு அளவெடுத்தமாதிரி. மூன்று பேர் உட்காருகிற பெஞ்சு போட்டால் பலகைக்கா பஞ்சம்? அப்புறம் படி. சாப்பாட்டு மண்டபத்துக்குப் படி, வகுப்புக்குப் படி, படியில் ஏறிப்போய்ப் பார்த்தால் அங்கே இன்னொரு படி. என் முழங்கால் அங்கேதான் போனது. ராத்தா குசினியில் சட்டி மூடிகளைத் திறந்து பார்த்து, சொதியில் தேங்காய் போதாது என்று சமையற்காரரிடமே சொல்லிவிட்டார். ஆனால் வடிகான் சுத்தம், குழாயில் தண்ணீர் வருகிறது, குளிக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு ராத்தாவைக் காணவில்லை. தேடிப் போனால் வாசிப்பறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் இருக்கிறார். எழுத்துத் தெரியாத மனுஷி, ஒரு தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு! சுற்றிவர பெண்பிள்ளைகள் தலைகுனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

"எழும்புங்க ராத்தா, கார்க்காரன் ஏசுவான்."

"கொஞ்சம் இரிடா தம்பி. இவ்வளவு பொம்புளைங்க சும்மா இருக்காங்க, ஒருத்தரும் வந்து தேத்தண்ணி எங்கன்னு கேக்கல்ல, பாத்தியா? எனக்கு இப்படி ஒரு எடம் இருக்குன்னே தெரியாது."

திரும்பி வரும்போது காரில் வைத்து, "மாப்பிள்ள வீடு நல்லம். புள்ளயக் குடுக்கலாம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

எனக்கு மனம் வரவில்லை மச்சான். உங்களிடம் மறைப்பானேன், அழுக்கான இடமாக இருந்திருந்தால் தைரியமாக அனுப்பியிருப்பேன், பிள்ளை வீடு வீடு என்று துடித்துக்கொண்டு ஓடி வரும். இந்த மலையையும் பூவையும் வாசிப்பறையையும் இரண்டு வருஷம் பார்த்த பிள்ளைக்கு, காலடி வைத்தால் மிளகுச் சாக்கு தடுக்குகிற, எட்டு மணிக்கு லாம்பைத் தணிக்கிற நம் வீடு வீடாகத் தெரியுமா? எனக்கிருப்பது ஒரே பிள்ளை. ஆகவே முடிவாக எழுதுகிறேன்: ஹிதாயா போகமாட்டாள். மாத்தளை டவுனுக்குள்ளேயே, நான் நினைத்தால் போய்ப் பார்த்து வருகிற தூரத்தில், நல்ல மாப்பிள்ளையாகப் பாருங்கள். இதில் மறுபேச்சு இல்லை.

உங்கள் வீட்டார் எல்லோருக்கும் எங்கள் ஸலாம். உங்கள் வியாபாரத்தில் அல்லாஹ் பறக்கத்தும் பெருக்கமும் தருவானாக.

இப்படிக்கு,
மச்சான் ஹுசைன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் ஹிதாயா தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன், "அந்த எடத்த ரெண்டு வருஷம் பாத்த பொறகு இந்த வீடு ஒனக்குப் புடிக்குமா மகள்?" என்று. பிள்ளை கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இந்த வீடு இப்பவும் அழகில்ல வாப்பா. அழகுக்கா இங்க இருக்கேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒட்டப்போன கடிதத்தைத் திரும்ப விரித்து இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். உங்களிடம் இருக்கிற அந்தப் பெரிய தகரப் பெட்டியை இந்தக் கிழமை முடியுமுன் பஸ்ஸில் போட்டுவிடுங்கள், பிள்ளை வருகிற திங்கட்கிழமை கலாசாலைக்குப் போகிறாள்.